தோத்தவரை ஜெயிக்க வெச்ச தலைப்புச் செய்தி!

ஓட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள வெற்றி போஸ்டர் அடிக்கிற கட்சிக்காரங்களைப் பார்த்திருப்பீங்க. அதையே ஒரு பெரிய நாளிதழ் செஞ்சா?

1948, நவம்பர் 3. அமெரிக்காவின் 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி'. ஆனா, அதிபர் தேர்தலில் ஜெயிச்சது ஹாரி ட்ரூமன்! தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 303, தாமஸ் டூயிக்கு 189.

எப்படி இப்படி சொதப்பினாங்க? அப்போ அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தம். செய்தியை டைப்ரைட்டரில் அடித்து, போட்டோ எடுத்து, பிளாக் செய்துதான் அச்சிட்டார்கள். இதுக்கு நேரம் பிடிக்கும் என்பதால், முதல் பதிப்பின் டெட்லைன் சில மணி நேரம் முன்னாடியே வந்துடுச்சு. ரிசல்ட் முழுசா வரலை. கருத்துக்கணிப்புகள் எல்லாம் டூயி பக்கம். வாஷிங்டன் நிருபர் ஆர்தர் ஹென்னிங்கும் டூயிதான்னு அடிச்சுச் சொல்ல, தலைப்பு ரெடி. கணிப்பு எடுத்தவங்களோ, தேர்தலுக்குச் சில வாரம் முன்னாடியே கடையைச் சாத்திட்டாங்க. கடைசி நேரத்தில் மனசு மாறினவங்க கணக்கிலேயே வரலை. அந்த நேரத்துலயும் ட்ரூமன் ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கிட்டிருந்தார், பாவம் கணிப்பாளர்கள்!

அவசரத்தில் முதல் பக்கத்தில் சில வரிகள் தலைகீழாகவே அச்சாகின. அடுத்தடுத்த பதிப்பில் தலைப்பை மாத்தினாலும், அதுக்குள்ள சுமார் 1.5 லட்சம் பிரதிகள் வெளியே போயாச்சு.

அதில் ஒண்ணு மறுநாள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் கைக்கே வந்து சேர்ந்தது. முன்னாடி அவரை முட்டாள்னு திட்டித் தலையங்கம் எழுதிய பேப்பர் வேற. விடுவாரா? ரெண்டு கையாலும் தூக்கிப் பிடிச்சு, வாய் நிறையச் சிரிச்சு போஸ் கொடுத்தார். கூகுளில் தேடிப் பாருங்க, அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருக்கு.