இறந்தவர்களை எண்ணிய வகுப்பறை

பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் மாணவர்கள் ஆண்டுதோறும் நம்மிடம் வந்து, மேற்படிப்புக்கு எதை எடுக்கலாம் என்று கேட்பதுண்டு. மானிடவியல் என்று சொல்லிப் பார்ப்போம். அதைப் படித்து என்ன செய்வது என்ற மறுகேள்வி உடனே எழும். வேலைவாய்ப்புகளை அடுக்கி விடையளிக்க முடியாமலில்லை. ஆயினும் அக்கேள்விக்கு 1943-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் நடைபாதைகளில் ஒரு பல்கலைக்கழகத் துறை அளித்த விடையையே நாம் மாணவர்க்குச் சொல்ல விரும்புகிறோம்.

இந்தியாவில் மானிடவியல் ஆட்சியாளரின் கருவியாகவே கால்கொண்டது. வங்காளத்தின் குடிகளையும் சாதிகளையும் பற்றி 1891-இல் நூல் வெளியிட்ட ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதியின் உயர்வு தாழ்வைக் கணிக்க முயன்றவர். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவரே. ஆளப்படும் மக்களை வகைப்படுத்தினால் ஆள்வது எளிது என்பதே அக்கணக்கின் அடிப்படை. அளப்பவர் அதிகாரி, அளக்கப்படுபவர் குடிமகன் என்ற நிலை அது.

இந்த அறிவு அரசு அலுவலகத்திலிருந்து வகுப்பறைக்குக் குடிபெயர்ந்த இடம் கல்கத்தாப் பல்கலைக்கழகம். அங்கே முதுகலைக் கல்வியைக் கட்டி எழுப்பிய அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1920-இல் மானிடவியலுக்கெனத் தனித்துறை தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதுவே முதலாவது. அங்கே கற்பிக்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் பாலக்காட்டுத் தமிழரான எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். 1861-இல் பிறந்த அவர், கொச்சி நாட்டின் குடிகளையும் சாதிகளையும் பற்றி 1909-இலும் 1912-இலும் இரு தொகுதிகள் வெளியிட்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயதில், வேறொரு மொழி வழங்கும் நகரத்தில், புதியதொரு துறைக்கு ஆசிரியராகச் சென்றார் என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது.

துறை தோன்றி இரண்டாண்டுகளில் மற்றொன்று நிகழ்ந்தது. 1922-இல் பல்கலைக்கழகம் கடும் பணமுடையில் இருந்தது. அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. கூடவே நிபந்தனைகளையும் விதித்தது. சுதந்திரத்தை விற்றுப் பணம் பெறுவதில்லை என்று அசுதோஷ் அதை ஏற்க மறுத்தார். இம்மறுப்பின் பொருள் விளங்க நாம் இருபதாண்டுகள் கடந்து செல்ல வேண்டும்.

அத்துறையின் தொடக்க காலம் முதலே ஆசிரியராக இருந்தவர் தாரக் சந்திர தாஸ். மணிப்பூரின் புரூம் குடியினரைப் பற்றி அவர் எழுதி 1945-இல் வெளியான நூலை, உறவுமுறை ஆய்வாளர்கள் பின்னாளில் பெரிதும் விவாதித்தனர். மலைக்குடிகளை ஆராய்ந்து கொண்டிருந்த இவரே, மானிடவியல் நாட்டு மக்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் 1941-இல் இந்திய அறிவியல் மாநாட்டின் மானிடவியல் பிரிவுத் தலைமையுரையில் எடுத்துரைத்தார். அவ்வுரையைச் சோதித்துப் பார்க்கும் வேளை இரண்டே ஆண்டுகளில் வந்துவிட்டது.

1942-இல் பர்மா வீழ்ந்தது. அங்கிருந்து வரும் அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குச் சிக்கக் கூடாதென்று கடலோர மாவட்டங்களில் படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன. அக்டோபரில் மிதுனாப்பூரைப் புயல் தாக்கியது. போர்க்காலச் செலவும் பதுக்கலும் அரிசி விலையை ஏழைகளின் கைக்கெட்டாத உயரத்துக்குக் கொண்டு சென்றன. நாட்டுப்புறத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவர்கள் வீடு வீடாகச் சென்று சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சித் தண்ணீரைத்தான் கேட்டார்கள். அரசோ பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் பஞ்ச விதித்தொகுப்பின்படி நிவாரணக் கடமைகள் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே அரசு ஏடுகளில் அம்மக்கள் 'ஆதரவற்றோர்' ஆனார்கள். நகரை விட்டு அவர்களை அப்புறப்படுத்த அவசரச் சட்டமும் வந்தது.

இந்தச் சூழலில், 1943 செப்டம்பரில், தாஸும் அவர் குழுவினரும் நடைபாதைகளில் கிடந்தவர்களிடம் வினாத்தாள்களுடன் சென்றனர். 820 குடும்பங்களைப் பற்றிய செய்திகள் திரட்டப்பட்டன. எந்த ஊர், என்ன தொழில், வீட்டை விட்டுப் புறப்பட்டபோது எத்தனை பேர், இப்போது உடனிருப்போர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்தனர். மிகப்பலர் நகரை அடுத்த இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்தவர். தொழில்வாரியாகப் பார்த்தால் உழவுக் கூலிகளே முன்னணியில் நின்றனர். நெல்லை விளைவித்த கைகளே கஞ்சிக்கு ஏந்தின என்ற கொடுமை, கவிஞனின் புலம்பலாக அல்லாமல் அட்டவணையாக எழுதப்பட்டது. கணவன் மனைவியைக் கைவிட்டதும், தாயும் பிள்ளைகளும் பிரிந்ததும் அதில் பதிவாயின. உறவுமுறையை ஆராயப் பயின்றவர்கள், உறவுகள் அறுபடுவதை எழுதினார்கள். இவ்வாய்வு 1949-இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1981-இல் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி அமர்த்தியா சென் எழுதிய நூலில் இதைச் சான்றாகக் கொண்டார்.

அதே துறையின் க்ஷிதீஷ் பிரசாத் சட்டோபாத்யாய் சிற்றூர்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். சாவு சுமார் 34 லட்சம் என்று துறை கணித்தது. உட்ஹெட் தலைமையிலான அரசு விசாரணைக் குழு 1945-இல் ஒப்புக்கொண்டதோ 15 லட்சம். அகமத்நகர்க் கோட்டைச் சிறையில் இருந்து எழுதிய நேரு, தம் நூலில் துறையின் கணக்கை எடுத்துக்காட்டினார். மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளின் விகிதத்தை மாகாணம் முழுமைக்கும் ஏற்றியதால் அக்கணக்கு மிகை என்ற திறனாய்வும் உண்டு, அது நியாயமானதே. எனினும் சென் தம் ஆய்வில் சுமார் 30 லட்சம் என்று வந்தடைந்தபோது, உண்மை அரசின் எண்ணைவிடத் துறையின் எண்ணுக்கே அருகில் இருந்தது.

நம் பக்கத்துத் தாது வருஷப் பஞ்சத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1876-இல் அது தொடங்கியபோது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வயது 19. ஆனால் அது அன்று தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பு மட்டுமே. அப்பஞ்சத்தைக் கும்மிப் பாடல்கள் பதிந்து வைத்தன. அரசு தன் கணக்கை வைத்தது. அக்கணக்கை எதிர்த்துக் கேட்க இன்னொரு கணக்கு இல்லை.

கல்கத்தாவில் அந்த இன்னொரு கணக்கு இருந்தது. ரிஸ்லி கையாண்ட அதே கருவிகள்தாம்: படிவம், வகைப்பாடு, அட்டவணை. அவற்றைப் பிடித்த கைதான் வேறு. பொதுப் பணத்தில் நடந்தும் அரசுக்கு அறிக்கை எழுதக் கடமைப்படாத ஓரிடம் இருந்ததால் இது கைகூடியது. 1922-இல் மறுக்கப்பட்ட இரண்டரை லட்சத்தின் மதிப்பை 1943-இல்தான் அறிய முடிகிறது.

மானிடவியல் படித்து என்ன செய்வது என்று அடுத்த முறை ஒரு மாணவர் கேட்டால், அந்த 820 குடும்பங்களைப் பற்றி அவரிடம் சொல்லுவோம். அவர்களிடம் ஊரையும் தொழிலையும் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒருவர் தெருவில் குனிந்து அமர்ந்தார். அப்படி அமர்வதற்கும் ஒரு படிப்பு தேவைப்படுகிறது.