வேலை நேரமும் உற்பத்தித் திறனும்

உழைக்கும் நேரம் கூடினால் விளைவும் அதே அளவில் கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஓர் எல்லை வரைதான் அது உண்மை. ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த ஸைஸ் ஒளியியல் ஆலையில் எர்ன்ஸ்ட் அபே 1900இல் ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். அன்றாட உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. முதல் உலகப் போர்க்கால பிரிட்டனின் வெடிமருந்து ஆலைப் பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்காவெல் 2014இல் மறு ஆய்வு செய்தார். வாரத்துக்குச் சுமார் 49 மணி வரை விளைவு நேரத்தோடு ஒத்து உயர்ந்தது. அதன்பின் உயர்வு தளர்ந்தது. 70 மணி உழைத்தவர்களின் விளைவு 56 மணி உழைத்தவர்களுடையதிலிருந்து அதிகம் வேறுபடவில்லை.

மெதுவாக வேலை செய்தவர்களே நீண்ட நேரம் உழைத்திருக்கலாம் என்று காரணத்தைத் தலைகீழாக்கி வாதிடலாம். ஆனால் அங்கே நேரத்தைத் தீர்மானித்தது தொழிலாளியின் வேகமன்று, போர்முனையின் தேவை. காவல், மருத்துவப் பராமரிப்பு போன்றவற்றில் ஆள் இருப்பதே வேலையின் பெரும்பகுதி என்பது வலுவான மறுப்பு. எனினும் அங்கும் களைப்பு கவனக்குறைவாக, தவறாக, விபத்தாக வெளிப்படும்; தொடர்ந்து ஆள் தேவையென்றால் அதற்கு வழி ஷிப்ட் முறை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கை வகுத்த 48 மணி நேர வார வரம்பு, மனிதநேயக் கோரிக்கை மட்டுமன்று. உற்பத்திக் கணக்குக்கும் பொருந்துவது.