கடை என்ற சொல்லுக்குள் யார் நுழையலாம்?

பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில் நிலையங்களில் தண்ணீருக்கும் மதம் இருந்தது. வண்டி வந்து நின்றதும் ‘இந்து பானி’, ‘முஸ்லிம் பானி’ என்று இரு குரல்கள் நடைமேடையில் தனித்தனியே ஒலிக்கும். தேநீரும் அவ்வாறே பிரிந்திருந்தது. 1945இல் செங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் இந்துத் தேநீர், முஸ்லிம் தேநீர் என்று வேறுவேறாகவே கொடுத்தார்கள். வீரர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, பாதிப் பாதியாகப் பகிர்ந்து குடித்தார்கள். தம்மைப் பார்க்க வந்த காந்தியிடம் அவர்கள் அதைச் சொன்ன செய்தி பதிவாகியுள்ளது.

அக்கால வணிகம் இந்தப் பிரிவினையை ‘மறுப்பு’ என்று கருதவில்லை; ‘ஏற்பாடு’ என்றே கருதியது. இந்துவுக்கு ஒரு குவளை, முஸ்லிமுக்கு ஒரு குவளை, அவரவர்க்கு அவரவர் விடுதி. யாரும் தாகத்தோடு திரும்ப வேண்டியதில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். எந்தக் குவளையும் தனக்கென்று ஒதுக்கப்படாத ஒருவர் வந்து நிற்கும்போதுதான் அந்த நியாயத்தின் உண்மை முகம் தெரியும்.

1917இல் பரோடாவில் அப்படி ஒருவர் வந்து நின்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய பீமராவ் அம்பேத்கர், தமக்கு உதவித்தொகை அளித்த பரோடா சமஸ்தானத்தில் பணியேற்க வந்திருந்தார். இந்து விடுதிகளில் தமக்கு இடமில்லை என்பதை அவர் அறிவார். சொராஸ்திர சமயத்தில் தீண்டாமை இல்லை என்பதால் நம்பிக்கையோடு ஒரு பார்சி விடுதிக்குச் சென்றார். விடுதி பார்சிகளுக்கு மட்டும் உரியது என்றார் காவலர். ஆயினும் தங்குவோர் எவருமின்றி விடுதி காலியாகக் கிடந்தது, வருமானமும் இல்லை. ஆகவே பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது என்று இருவரும் உடன்பட்டனர். பதினோராம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் கையில் தடியுடன் வந்து விடுதி தீட்டுப்பட்டுவிட்டது என்று சினந்தார்கள். மாலைக்குள் வெளியேறக் கெடு விதித்தார்கள். அம்பேத்கர் அடைக்கலம் கேட்ட இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தட்டிக் கழித்தனர். அன்றிரவே அவர் ரயிலேறிப் பம்பாய் திரும்பினார். இந்துவுக்கு மறுக்க இடமுள்ள ஓர் ஊரில் மற்ற மதத்தவரும் மறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை அந்த ஒரே நாள் அவருக்குக் காட்டியது.

முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 1948 நவம்பர் 29 அன்று, அதே அம்பேத்கர் வரைவுக் குழுவின் தலைவராக அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்றார். அன்று விவாதத்துக்கு வந்தது வரைவின் 9ஆம் உறுப்பு. இன்றைய அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு அதுவே. மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் தடுக்கவோ நிபந்தனை விதிக்கவோ கூடாது என்பது அதன் இரண்டாம் பிரிவின் சாரம்.

இந்தப் பட்டியலில் ‘கடை’ என்பதன் எல்லை எது என்ற கேள்வி அவையில் எழுந்தது. உள்ளே நுழையும் உரிமை மட்டும்தானா, சேவை பெறும் உரிமையும் உண்டா? பொருள் விற்காமல் தொழில் செய்பவர்களும் இதில் அடங்குவார்களா? கடை என்ற சொல் மிகப் பரந்த, பொதுவான பொருளிலேயே கையாளப்பட்டுள்ளது என்று அம்பேத்கர் விடையளித்தார். நாடி வரும் எவருக்கும் தம் சேவையை அளிக்க ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவோ அது கடை. உரிமை வாசலைத் தாண்டுவதோடு முடிவதில்லை. சேவைக்கான நிபந்தனைகளுக்கு உடன்படுபவருக்குச் சேவை கிடைத்தாக வேண்டும். விலை தராதவரையும் கலகம் செய்பவரையும் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம். மதத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்ப இயலாது.

தமிழுக்கு இந்த விளக்கம் புதிதன்று. டீக்கடை, சலூன் கடை, இஸ்திரிக் கடை, வாடகை சைக்கிள் கடை என்னும் வழக்குகளில் ‘கடை’ என்பது சரக்கு விற்கும் இடத்தை மட்டும் குறிப்பதில்லை. காசு கொடுத்து உழைப்பையோ உதவியையோ பெறும் இடமும் கடையே. ஆங்கிலச் சொல்லுக்கு விளக்கத்தால் சேர்க்க வேண்டியிருந்த அகலம், தமிழ்ச் சொல்லில் வழக்காகவே இருக்கிறது.

அந்த உறுப்பின் வாக்கிய அமைப்பும் கவனத்துக்குரியது. முதற்பிரிவில் எழுவாய் ‘அரசு’: அரசு பாகுபாடு காட்டக் கூடாது. இரண்டாம் பிரிவில் எழுவாய் மாறுகிறது. ‘எந்தக் குடிமகனும்’ தடைக்கு உள்ளாகக் கூடாது என்கிறது சட்டம். தடுப்பவர் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. வாக்கியத்தில் சொல்லப்படாத அந்த இடத்தில் அரசையும் வைக்கலாம். தெருமுனை உணவகத்தின் உரிமையாளரையும் வைக்கலாம். அடிப்படை உரிமைகளுள் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

கடைக்காரருக்கும் மத உரிமை உண்டே என்ற கேள்வி இங்கே எழலாம். அமெரிக்காவில் இன்று நடக்கும் வாதம் அந்தத் திசையிலேயே செல்கிறது. இரு ஆண்களின் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோ மாநிலத்துக் கடைக்காரரின் வழக்கில், 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநில ஆணையம் அவருடைய நம்பிக்கையை நடுநிலையோடு அணுகவில்லை என்ற குறுகிய காரணத்தின் பேரில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்திய அரசமைப்பு இதற்கான விடையை முன்னரே வரிசைப்படுத்தி வைத்துள்ளது. மனசாட்சி உரிமையையும் மத உரிமையையும் வழங்கும் 25ஆம் உறுப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றோடு அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற விதிகளுக்கும் உட்பட்டே அந்த உரிமையைத் தருகிறது. 15ஆம் உறுப்பும் அம்மற்ற விதிகளுள் ஒன்று. எனவே விற்பவரின் நம்பிக்கையைக் காட்டி வாங்குபவரின் நுழைவை மறுப்பது இந்திய அரசமைப்பின் கட்டமைப்போடு பொருந்தாது.

கொள்கை இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை ஏன் மங்கலாக இருக்கிறது? விடை அதே 1948 நவம்பர் 29இல் இருக்கிறது. அன்றைய தினமே தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பும் நிறைவேறியது. அது இன்று 17ஆம் உறுப்பு. தீண்டாமையின் பேரில் எவருக்கும் இயலாமையை விதிப்பது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. அச்சொற்களின் வலிமையில் 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பிறந்தது. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதையும் சேவை செய்ய மறுப்பதையும் அதன் 6ஆம் பிரிவு தண்டிக்கிறது. 15ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவில் குற்றம் என்ற சொல்லும் இல்லை, தண்டனை என்ற சொல்லும் இல்லை. ஆகவே மதத்தை மட்டும் காரணமாகக் காட்டிக் கதவை மூடும் கடைக்காரருக்கு எதிராக, அந்த மறுப்பையே குற்றமாக்கும் பொதுவான மத்தியச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

அந்த வெற்றிடத்தில் நீதிமன்றங்கள் இருவேறு திசைகளில் நடந்திருக்கின்றன. குஜராத்தின் சொராஸ்திரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதி, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்கிறது. 2005இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சங்கம் அமைக்கும் உரிமையும் உறுப்பினர்கள் தாமாக ஏற்ற ஒப்பந்தமும் அங்கே மேலோங்கின. ஆறு ஆண்டுகள் கழித்து, 2011இல், ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு மட்டும் இடமளித்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி தொடர்பான இந்திய மருத்துவச் சங்க வழக்கில் அதே நீதிமன்றம் வேறொரு வழியில் சென்றது. 1948இல் அம்பேத்கர் அளித்த விளக்கத்தை எடுத்துக்காட்டி, ‘கடை’ என்பதைப் பரந்த பொருளில் கொள்ள வேண்டும் என்றும், தனியார் கல்வி நிறுவனமும் அதனுள் அடங்கும் என்றும் கூறியது. சிறு சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்ந்து வாழ்வதும், பொதுமக்களை நோக்கிக் கதவு திறந்து வைத்திருப்பவர் சிலரை மட்டும் வெளியே நிறுத்துவதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். ஆயினும் வீடு கூட்டுறவா, சந்தையா என்ற கேள்வி நகரங்களில் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்கோ விலைக்கோ கிடைப்பதில் உள்ள இடர்ப்பாட்டை 2006இல் சச்சார் குழுவின் அறிக்கையே பதிவு செய்தது.

சட்டம் இல்லாத இடத்தில் காவல்துறையும் தடுமாறுகிறது. 2020 ஏப்ரலில், கொரோனா பேரிடரின் நடுவே, மீரட் நகரின் தனியார் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. தொற்று இல்லை என்ற சோதனை முடிவோடு வந்தால் மட்டுமே முஸ்லிம் நோயாளிகள் வரலாம் என்றது அந்த விளம்பரம். எதிர்ப்பு எழுந்தது, காவல்துறை வழக்குப் பதிவு செய்தது, மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது. மறுப்பு அச்சில் ஏறியதால்தான் அது வழக்காயிற்று. சொல்லாமல் திருப்பி அனுப்பியிருந்தால் புற்றுநோயாளி எந்தச் சட்டப் பிரிவைக் காட்டி முறையிட்டிருப்பார்?

முயற்சிகள் நடக்காமல் இல்லை. சச்சார் குழு சமவாய்ப்பு ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன் வடிவத்தை வகுக்க மாதவ மேனன் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு 2008இல் அறிக்கை அளித்தது. 2017இல் சசி தரூர் பாகுபாடு எதிர்ப்பு, சமத்துவ மசோதாவைத் தனிநபர் மசோதாவாக மக்களவையில் அறிமுகப்படுத்தினார். ஆணையம் அமையவில்லை, மசோதா சட்டமாகவில்லை.

ஆகவே இந்தியாவில் ஒரு வணிகர் மதத்தைக் காரணம் காட்டி வாடிக்கையாளரை மறுக்கலாமா என்ற கேள்விக்கு அரசமைப்பின் விடை ‘கூடாது’ என்பதே. மறுத்தால் என்ன நடக்கும் என்ற அடுத்த கேள்விக்குத்தான் இன்றும் விடை இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம் என்று சட்ட மாணவர் சொல்லக்கூடும். ஒரு கோப்பை தேநீருக்காகவோ ஓர் இரவுத் தங்கலுக்காகவோ உயர் நீதிமன்றம் வரை செல்லக்கூடியவர் எத்தனை பேர்? அம்பேத்கர் ‘கடை’ என்ற சொல்லின் வாசலை அகலத் திறந்து வைத்தார். அங்கே தடுத்து நிறுத்தப்படுபவர் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ ஆணையத்திலோ முறையிட வழி செய்யும் சட்டத்தை இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. 1955இல் தீண்டாமைக்குச் செய்யப்பட்ட அந்த வேலை, மதத்துக்கு இன்னும் செய்யப்படவில்லை.