பழையது முன்னே, புதியது பின்னே

கணினிக் கடைகளில் வேலை செய்வோரிடையே, எங்கும் எழுதி வைக்கப்படாததாயினும் குருவாக்கியம்போல் வழங்கி வந்த விதி ஒன்று உண்டு. ஒரே இயந்திரத்தில் இரண்டு விண்டோஸ் வேண்டுமென்று ஒருவர் கேட்டால், பழையதை முதலில் போட்டுவிட்டுப் புதியதைப் பிறகே போட வேண்டும். மீறினவர் அன்றிரவு வீடு திரும்ப வெகு நேரமாகும். இந்த விதி உலகெங்கும் உள்ளதுதான். ஆயினும் தமிழ்நாட்டில், குறிப்பாக ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்தும், ஜெராக்ஸ் எடுத்தும், பைண்டிங் போட்டும் ஜீவனம் நடத்தும் கடைகள் பல்கலைக்கழகத்தை அண்டி நிற்கும் அண்ணாமலை நகர் போன்ற ஊரில், அதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு காரணம் சேர்ந்துகொண்டது. மேலைநாட்டார் பழைய விளையாட்டுக்காகவும் பழைய கணக்கு நிரலுக்காகவும் பழைய இயங்குதளத்தை வைத்துக்கொண்டார்கள் என்றால், நாம் வைத்துக்கொண்டது பெரும்பாலும் நம்முடைய அகர முதல எழுத்துக்களுக்காக.

டாஸ் என்னும் கறுப்புத்திரை இயங்குதளம் ஆட்சி செலுத்திய 1980களிலேயே கனடாவில் வாழ்ந்த ஸ்ரீநிவாசன் 'ஆதமி' என்ற தமிழ்ச் சொற்செயலியை ஆக்கினார், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார்; பின்னர் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை வழங்கினார். இவர்களும் இவர்களைப் பின்பற்றி வந்த அச்சுத்தொழில் எழுத்துருக்காரர்களும் கையாண்ட உபாயம் ஒன்றே: ஆங்கில எழுத்துக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் ஒதுக்கப்பட்ட 256 இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றுவது. கணினியோ தான் காட்டுவது தமிழென்று அறியாது; ஏதோ ஒரு லத்தீன் எழுத்தைக் காட்டுவதாகவே எண்ணிக்கொண்டிருந்தது. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை ஏற்பட்டதால், இலங்கையில் பாமினி, நம் அரசு அலுவலகங்களில் வானவில் என்று, ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் படிக்க இயலாத நிலை தோன்றிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மகாநாடு டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் ஒரு விசைப்பலகையையும் வகுத்துத் தந்தது. விசைப்பலகை நிலைத்தது. குறியீட்டு முறைகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

ஏனெனில் அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே விண்டோஸ் 2000 வந்து, ஒருங்குறி (யூனிகோடு) என்னும் பொதுக் குறியீட்டின் வழியாகத் தமிழைத் தமிழாகவே அறிந்துகொண்டது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியும் அறிந்திருந்தது. ஆனால் தானாக முன்வந்து காட்டாது. கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து, மொழிப் பகுதியில் ஒரு சிறு கட்டத்தை 'டிக்' செய்து, அது கேட்கும்போது மூல சிடியைச் செருகினால்தான் ஒருங்குறித் தமிழ் உடையாமல் தெரியும். அந்த சிடி எத்தனை பேரிடம் இருந்தது என்பதை நம் நாட்டு வழக்கம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

புதிய தளங்கள் பழைய தமிழுக்கு இழைத்த இடையூறு எத்தகையது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் போதும். 256 இடங்களுள் 173ஆம் இடம், சொல் வரியிறுதியில் உடையும்போது மட்டும் தோன்றும் இணைப்புக்குறிக்கு உரியது. மற்ற வேளைகளில் அது கண்ணுக்குத் தெரியாது. திஸ்கி என்னும் முறையில் அவ்விடத்தில் இகரம் இருந்தது. ஐரோப்பிய விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் மென்பொருளில் 'இலக்கியம்' என்று எழுதினால் 'லக்கியம்' என்றே தெரிந்தது. திஸ்கியின் 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒழுக்கம் குறைந்த பழைய மென்பொருளில் இகரம் சுகமாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுத்துருக்கோப்பை மட்டும் எடுத்துச் சென்று புதிய தளத்தில் நிறுவிவிடலாம். அதில் பெரிய தடையில்லை. கூட வர மறுத்தவை வேறு: விசைகளைத் தமிழாக்கும் சிறு நிரல், அச்சகங்கள் உயிராகப் போற்றிய, 2001இன் 7.0 பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன பேஜ்மேக்கர், கணினியின் பின்புறம் பிரிண்டர் துளையில் செருகினால்தான் மென்பொருளைத் திறக்கவிடும் 'டாங்கிள்' என்ற பூட்டு. 64 பிட் விண்டோஸிலோ டாஸ் காலத்து 16 பிட் நிரல் எதுவும் ஓடவே ஓடாது. ஆகையால், பத்து வருஷத்து ஆய்வேடுகளையும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளையும் வைத்திருக்கும் கடைக்காரர் புதுக் கணினி வாங்கினாலும், அதில் எக்ஸ்பிக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னது பிடிவாதம் அன்று, தொழிலின் நிர்ப்பந்தம்.

இனி அந்த விதியின் தத்துவத்துக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்கின் முதல் பிரிவு 512 பைட்டுகள் கொண்டது. அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் நான்கு பாகங்களின் அட்டவணைக்கும், கடைசி இரண்டு முத்திரைக்கும் உரியவை. கணினி கண் விழித்ததும் முதலில் வாசிப்பது இதைத்தான். இதிலிருந்து ஒரு பாகத்தின் முகப்புக்குப் போய், அங்கே பெயர் குறித்த, இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் 'ஏற்றி'யை எழுப்புகிறது. விண்டோஸ் 95 வந்தபோது, பழைய டாஸைத் தன் அருகிலேயே இருத்திக்கொண்டு, தொடங்கும் தருணத்தில் எஃப்4 விசையை அழுத்தினால் அதற்கு வழிவிட்டது. எக்ஸ்பி பிறந்த விண்டோஸ் என்டி வம்சத்தின் ஏற்றியோ 'பூட்.இனி' என்ற சிறு பட்டியலைப் படித்து, எதில் நுழைய வேண்டுமென்று கேட்டது. 2007 தொடக்கத்தில் விஸ்டா அந்தப் பட்டியலையும் ஏற்றியையும் ஒருசேர மாற்றியது. புதிய ஏற்றிக்குப் பழையதைத் தெரியும்; அழைக்கவும் செய்யும். ஆனால் 2001இல் எழுதப்பட்ட எக்ஸ்பிக்கு 2007இல் பிறக்கப்போவதைப் பற்றி என்ன தெரியும்? பின்னால் வந்து நிறுவப்பட்ட எக்ஸ்பி, முகப்பில் தன் ஏற்றியின் பெயரையே எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடும். விஸ்டாவோ விண்டோஸ் 7ஓ அழியாமல் இருந்தும் வாசல் அடைபட்டுக் கிடக்கும். புதியதன் டிவிடியைப் போட்டு முகப்பைச் செப்பனிட்டு, பழையதைப் பட்டியலில் கையால் சேர்ப்பதே பரிகாரம். 'ஈஸிபிசிடி' என்ற இலவசக் கருவி இதற்காகப் பிரசித்தி பெற்றது.

அதற்கும் முன்பே ஒரு கண்டம் காத்திருந்தது. புதுக் கணினிகளின் சாட்டா ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்பி சிடி காணவே காணாது. நீலத்திரையைக் காட்டி நின்றுவிடும். தக்க டிரைவரை எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து கொடுக்கலாமென்று அது சொல்லும். ஃபிளாப்பி துளையோ அந்தக் கணினிகளில் இல்லை. பயாஸ் என்ற தொடக்க அமைப்பில் ஹார்ட் டிஸ்க்கின் முறை ஏஹெச்சிஐ என்றிருப்பதை ஐடிஇ என்று மாற்றினால் எக்ஸ்பி வரும், ஏற்கெனவே இருந்த விண்டோஸ் 7 படுத்துக்கொள்ளும். விவரமறிந்தவர்கள் 'என்லைட்' என்ற கருவி கொண்டு டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்த்துப் புதிய சிடி எழுதிக்கொண்டார்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகும், எக்ஸ்பி தொடங்கும் ஒவ்வொரு முறையும் தன் கண்ணில் படும் விஸ்டாவின் 'ரீஸ்டோர் பாயிண்ட்'களை அழித்துவந்தது. துவேஷத்தால் அன்று, அவை இன்னவென்று அறியாததால். இரண்டும் தத்தம் வீட்டையே 'சி டிரைவ்' என்று அழைத்ததும் உண்டு. நேற்று டியில் வைத்த ஆய்வேட்டை இன்று டியில் தேடிக் காணாத மாணவர்களின் கலக்கம் இதனால் விளைந்ததே.

ஓரிடத்தில் இருவர் என்பதற்கு உவமை, அண்ணாமலை நகரை ஒட்டிய தில்லையிலேயே (சிதம்பரம்) உண்டு. அங்கே நடராஜர் சன்னிதிக்கு அருகிலேயே கோவிந்தராஜர் பள்ளிகொண்டிருக்க, ஓரிடத்தில் நின்று இருவரையும் தரிசிக்கலாம். சோழர் காலத்தில் அகற்றப்பட்டதாகச் சொல்லப்படும் பெருமாளை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர அச்சுதராயர் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். இரு தரத்தாருக்கும் இடையே நீதிமன்ற வழக்குகளும் நடந்தன. ஒரு பிராகாரத்துக்குள் இரண்டு மூர்த்திகள் இருப்பதன் சுகமும் சங்கடமும் இவ்வூருக்குப் புதியவை அல்ல.

அரசாங்கமே இரட்டைத் தளத்தை லட்சக்கணக்கில் விநியோகித்த காலமும் வந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் வழியே மாணவர்க்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் லினக்ஸின் மீது அமைத்த பாஸ் என்ற இந்திய இயங்குதளமும் அருகருகே இருந்தன. இங்கே மூப்பு இளமை என்ற பேச்சில்லை. ஆனால் ஏதோ ஒரு கோளாறில் ஃபார்மட் அடித்தால் கடையிலிருந்து திரும்பி வந்தது பெரும்பாலும் விண்டோஸ் மட்டுமே என்று எண்ணுகிறேன்.

எழுத்துக் குறியீட்டிலோ, இதற்கு முந்தைய ஆண்டிலேயே, 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 என்னும் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது. 2012 டிசம்பர் 28 முதல் 30 வரை உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, அக்டோபரில், விண்டோஸ் 8 வெளிவந்திருந்தது. அதனோடு வந்த கணினிகளின் யூஇஎஃப்ஐ என்ற புதிய முகப்பு முறையும், கையொப்பமில்லாத ஏற்றியை உள்ளே விடாத 'செக்யூர் பூட்' என்ற காவலும் எக்ஸ்பியின் பிரவேசத்தை அடியோடு தடுத்தன. பழைய முறைக்கு மாற்றும் வசதி பயாஸில் இருந்தால் மட்டும் சிலர் சமாளித்தார்கள். 2014 ஏப்ரல் 8ஆம் தேதி எக்ஸ்பிக்கு ஆதரவும் நின்றது.

அப்பால் பழையதை அருகில் வைப்பது போய், உள்ளே வைப்பது வழக்கமாயிற்று. விண்டோஸ் 7இன் உயர்பதிப்புகளில் 'எக்ஸ்பி மோடு' என்றே ஒன்று முன்பே தரப்பட்டிருந்தது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற நிரலுக்குள் எக்ஸ்பி ஒரு சாளரமாக ஓடுகிறது. அதில் முதலும் பின்னும் இல்லை, முகப்பை அழிக்கும் அச்சமும் இல்லை. நெட்வொர்க்கை மட்டும் துண்டித்துவிட வேண்டும். காப்பாரற்ற தளத்தை இணையத்தில் விடுவது அபாயம். பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற மாற்றிகள் பல இருக்கின்றன. ஆனால் பேஜ்மேக்கர் கோப்பின் உள்ளிருக்கும் எழுத்தை முதலில் வெளியே எடுக்கப் பெரும்பாலும் அந்தப் பேஜ்மேக்கரையே நாட வேண்டியிருக்கிறது. பிரிண்டர் துளையில் செருகும் பூட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியும் எளிதன்று. அத்துளையுள்ள பழைய கணினி ஒன்றை மூலையில் வைத்து, மாதம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்கும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன.