தண்ணீரில் கிடந்த மரம்

அக்கரைப்பற்றை ஒட்டிக் கிடக்கும் ஆலையடிவேம்பு, தன் பெயரிலேயே ஒரு மரத்தை வைத்திருக்கும் ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக இருந்த நான், செய்தி ஒன்றுக்காக அங்கு சென்று பஸ்ஸைத் தவறவிட்ட மாலையொன்றில், பறங்கித் தச்சர் ஒருவரின் பட்டறைத் திண்ணையில் ஒதுங்கினேன். உள்ளே கிற்றார் ஒன்று முதுகுப் பலகை வெடித்துக் கிடந்தது. கல்யாண வீட்டுப் பாட்டுக்கு அது சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். தச்சர் மூலையில் சாத்தியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே பிடித்து, மடக்கிய விரலால் தட்டிப் பார்த்தார். பார்வைக்கு எல்லாவற்றிலும் அழகாக இருந்த ஒன்றைத் தள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"இது தண்ணிக்குள்ள கிடந்த மரம் மகன், பேசாது."

அந்த ஒரு வாக்கியத்தின் வயது எனக்கு அன்று தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பின் சீவக சிந்தாமணியைப் பொறுமையோடு வாசித்தபோதுதான் திடுக்கிட்டேன். காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வரும் சீவகன், தன் கையில் கொடுக்கப்படும் கருவிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறான். ஒன்றின் மரம் நீரில் நின்றது; ஒன்று இடி விழுந்தது; இன்னொன்று வாள் பட்டது. மரத்தின் குற்றம் இசையின் குற்றமாக வெளிப்படும் என்பது பழைய இசைநூலாரின் துணிபு. அழுகியது, வெந்தது, நோய் கண்டது என்று அவர்கள் மரக்குற்றங்களை அடுக்கி, அவற்றால் விளையும் ஓசைக் குற்றங்களுக்குச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்று நான்கு பெயரும் இட்டிருக்கிறார்கள். திருத்தக்கதேவரைப் பற்றி எதுவும் அறியாத எங்கள் தச்சர், சீவகன் செய்த அதே சோதனையைத்தான் செய்து கொண்டிருந்தார்.

இந்தப் பறங்கியர் யாரென்று வெளிநாட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. ஆட்சி போனாலும் அவர்தம் வழிவந்த ஒரு சிறு சமூகம் மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் தங்கிவிட்டது. தச்சு, கொல்லு, தையல் அவர்களின் தொழில்கள். போர்த்துக்கேயக் கிரியோல் வீட்டு மொழி. வயலினும் கிற்றாரும் இல்லாத கல்யாணம் அவர்களுக்குக் கல்யாணமே அல்ல. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1982இல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'போர்த்துக்கேய மெக்கானிக்குகள்' என்ற பெயர் வருகிறது.

அதே கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், கல்முனைக்கு முன்னால் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர் அவர். மறைந்துபோன யாழைக் கணக்கின் துணைகொண்டு மீட்க முயன்று, தம் வாழ்வின் பிற்பகுதியில் பெரும்பங்கை அதற்கே கொடுத்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ் நூல்' 1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. சுவாமியின் ஆய்வுப்படி செய்யப்பட்ட யாழ்களும் அங்கு இசைக்கப்பட்டன. ஆறு வாரம் கழித்து, ஜூலை 19இல், அவர் மறைந்தார். நூல் நின்றது. அந்தக் கருவிகளுக்கு மரம் தேர்ந்து, குடைந்து, நரம்பு பூட்டிய கைகள் யாருடையவை என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அரங்கேற்றத்தைப் பற்றிப் பலமுறை எழுதிய நானும் கேட்டதில்லை. அது என் தொழிலின் குறை.

யாழ் செய்யும் மரங்களாகப் பழைய உரைகள் கொன்றை, கருங்காலி, குமிழ், முருக்கு, தணக்கு ஆகியவற்றைச் சொல்கின்றன. கருங்காலி இரும்பை ஒத்தது. முருக்கும் தணக்கும் தக்கை போன்றவை. இழுவையைத் தாங்க வன்மரம், ஓசை எழ மென்மரம் என்ற கணக்கு இதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. (எங்கள் பக்கத்தில் கருங்காலி என்றால் ஒரு மரம், தமிழ்நாட்டில் பல இடங்களில் வேறொரு மரம். உரையாசிரியர் மனத்தில் இருந்தது எதுவென்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.) யாழும் கிற்றாரும் ஓரினமல்ல. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். கிற்றாரில் மெட்டுக்கு ஒரு சுரம். ஆயினும் கிற்றார் செய்பவனும் இதே கணக்கைத்தான் போடுகிறான்: முகப்புக்கு இலேசான ஸ்புரூஸ், விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி.

முதுகுக்கு ரோஸ்வுட். பிரேசில் தன் மரக்கட்டைகளின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதுதான் நம்மவர் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. உலகின் மேடைகளில் அரை நூற்றாண்டாக அது பேசிக்கொண்டிருக்கிறது. நாமோ ஈட்டியில் அலமாரி செய்தோம். சென்னையில் கிற்றார் முதலிய கருவிகளைச் செய்துவந்த தருண் சேகர் என்ற இளைஞர், அண்மை ஆண்டுகளில் யாழையும் செய்து வாசிக்கத் தொடங்கியிருப்பதை அறிந்தபோது, சுவாமியின் ஏடுகளுக்கும் தச்சரின் விரலுக்கும் இடையில் கிடந்த தூரம் சற்றுக் குறைந்ததாக உணர்ந்தேன்.

அன்று எங்கள் தச்சர் தேர்ந்தது முதிரைப் பலகை. மஞ்சள் பூத்துப் பட்டுபோல் மினுங்கும் எங்கள் காட்டு மரம். கிற்றாருக்கு அது சற்றுக் கனம்தான். ஆனால் கையில் இருந்த பழைய பலகைகளில் அதுவே நன்கு காய்ந்திருந்தது. முதலில் பஜனைப் பெட்டியின் மூடியாக இருந்ததாம்.

யுத்தம் முடிந்தபின் அப்பக்கம் போனேன். பட்டறை இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை. குடும்பம் அவுஸ்திரேலியா போய்விட்டதாகச் சொன்னார்கள். சாலையோர மரக்காலை ஒன்றில் முதிரைப் பலகைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கிக் காதருகே பிடித்துத் தட்டினேன். என் காதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைப் பையன் ஓடிவந்து, "கதவுக்கா, கட்டிலுக்கா ஐயா?" என்று கேட்டான்.