சிக்கனமே தகுதிக்குறையான கதை: இந்தியாவில் மனநல ஆதரவுக் குழுக்களும் நல்கைகளும்

மனநோயால் துன்புறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிப் பேசும் ஆதரவுக் குழு ஒன்றை நடத்த ஆகும் செலவு மிகச் சிறிது. ஓர் அறை, சில நாற்காலிகள், தேநீர், தொலைவிலிருந்து வருவோர்க்குப் பேருந்துக் கட்டணம், ஒருங்கிணைப்பவருக்குச் சிறு ஊதியம். ஆயினும் இத்தகைய குழுக்கள் பலவும் நிதியின்றித் தோன்றி, நிதியின்றியே மறைகின்றன. கொடையாளரின் கருமித்தனத்தால் மட்டும் இதை விளக்கிவிட இயலாது. பணம் வரும் வழிகள் எத்தகைய அமைப்பை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டன என்பதே இங்கு முதன்மையான வினா.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். பராமரிப்பில் பங்கேற்ற குடும்பத்தார் மருத்துவரிடமிருந்தும் ஒருவர் மற்றவரிடமிருந்தும் கற்றுக்கொண்டனர். இந்திய மனநல மருத்துவ வரலாற்றில் இம்முயற்சி பெரிதும் போற்றப்படுகிறது. ஆனால், குடும்பங்கள் கூடுவதற்கென நிதி ஒதுக்கும் முறையாக அது வளரவில்லை.

1957இல் பம்பாயில் வேரூன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் நேர்மாறான வழியில் சென்றது. வெளியார் கொடையை ஏற்பதில்லை, உறுப்பினர் தரும் காசிலேயே இயங்குவது என்பது உலகெங்கும் அவ்வியக்கத்தின் மரபு. குழுவின் தன்னுரிமையை அது காத்தது. எனினும் கடும் மனநோய் கொண்ட ஒருவரைப் பேணும் குடும்பத்தில், பேணுபவரே வேலையை இழந்திருக்கும் நிலையும் உண்டு. மருந்துக்கே கடன் வாங்கும் அத்தகையோரிடம் குழுவின் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் எனக் கூறுவது எளிதன்று.

மூன்றாவது வழி, அறிந்தவர் அளிக்கும் தொடக்க நிதி. போதைப்பொருள் பரவல் குறித்து அனில் அவசட் எழுதிய கட்டுரைகளைப் படித்த மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயும் அவர் துணைவியார் சுனிதாவும் தம் அறக்கட்டளை வழியே ஒரு லட்சம் ரூபாய் வழங்க முன்வந்தனர். டாக்டர் அனிதா அவசட்டின் பொறுப்பில் 1986இல் புணேயில் முக்தாங்கண் மறுவாழ்வு மையம் பிறந்தது. இக்கொடைக்கு அடிப்படையாக நின்றது நம்பிக்கை. ஆனால் எழுத்தாளரின் பார்வையில் படாத சிற்றூர்க் குழுவுக்கு இத்தகைய நற்பேறு வாய்ப்பதரிது.

அரசின் பங்கு என்ன? தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் 4 மாவட்டங்களில் தொடங்கியது. அதன் மையம் மருத்துவர், மருந்து, பயிற்சி ஆகியனவாக இருந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியிருந்தது. ஆனால் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையே ஏற்றது. 100 கோடி ரூபாய் வைப்புநிதியுடன் அமைந்த அவ்வறக்கட்டளையில் பெற்றோர் சங்கங்கள் பதிவு செய்துகொள்ள இடமிருந்தது. மனச்சிதைவு கொண்டோரின் பெற்றோருக்கு அவ்வாயில் திறக்கவில்லை.

அயல்நாட்டு நிதி ஓரளவு இவ்விடைவெளியை நிரப்பியது. பெரிய நிறுவனம் பெற்ற தொகையைச் சிறு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்க, அவை ஊர்ப்புறங்களில் குழுக்களை அமைத்தன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தம் இப்பகிர்வை முற்றிலும் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. நேரடியாகப் பதிவு பெற விரும்பும் அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கியிருப்பதோடு, அக்காலத்தில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயேனும் செலவிட்டிருக்கவும் வேண்டும். இரவல் அறையில் கூடும் குழு அவ்வளவு தொகையைச் செலவிட வழியேது? குறைந்த செலவில் நடப்பது என்னும் அதன் சிறப்பே இங்குத் தகுதிக்குறையாகிவிடுகிறது.

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணித்தது. நலவாழ்வு அப்பணிகளில் ஒன்று. ஆனால் 2021 முதல், அத்தொகையைப் பெற்றுப் பணியாற்றும் தன்னார்வ அமைப்பு வருமானவரிச் சட்டத்தின் கீழ் உரிய பதிவுகளையும், சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணையும், மூன்றாண்டுப் பணி வரலாற்றையும் பெற்றிருக்க வேண்டும். மேலும், நிறுவனங்கள் பொதுவாக நாடுவது எண்ணிக் காட்டத்தக்க பயனை. முகாமுக்கு வந்தோரை எண்ணலாம். ஒரு தாய் மற்றொரு தாயிடம் பேசியதால் தவிர்க்கப்பட்ட மருத்துவமனைச் சேர்க்கையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முறைகேட்டைத் தடுக்கக் கணக்கும் தணிக்கையும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடியைக் கையாளும் நிறுவனத்துக்கும் ஆயிரங்களில் இயங்கும் குழுவுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. இன்றைய நிலையில் சிறு குழுவுக்கு நடைமுறையில் எஞ்சும் வழி, பதிவு பெற்ற மருத்துவமனை, அறக்கட்டளை அல்லது கல்லூரியின் பணிகளுள் ஒன்றாக இணைந்து இயங்குவது. அப்போது பதிவும் தணிக்கையும் தாய் நிறுவனத்தின் பொறுப்பாகின்றன. இதன் விலை, குழு தன் குரலின் ஒரு பகுதியை இழக்க நேரிடலாம் என்பது. ஆகவே சந்திப்பின் பொருளையும் குழுவின் தலைமையையும் உறுப்பினரே முடிவு செய்வர் என முன்கூட்டியே எழுத்தில் பெறுதல் நலம்.

தனித்து இயங்க விரும்பும் குழு, முதல் கூட்டத்திலிருந்தே வருகைப் பதிவையும் வரவு செலவு ஏட்டையும் பேணத் தொடங்குவது நல்லது. மூன்றாண்டு வரலாற்றைக் கேட்கும் நாளில் அவ்வேடுகளே சான்றாகும். சமூகப்பணித் துறை மாணவர்கள் தம் களப்பயிற்சியில் இந்த எழுத்துப் பணிக்கு உதவலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே, எளிய விண்ணப்பத்தில் சிறு தொகை வழங்கும் ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அவ்வேடுகளே வலுச்சேர்க்கும்.