சிவகாசி தந்த ராஜபார்ட்

சிவகாசி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவன தீப்பெட்டியும் பட்டாசும் வர்ண நாட்காட்டியுமே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த வித்தையைக் கொண்டு 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் முன்பாக, 1886-இல், அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் காசி விஸ்வநாதரின் திருநாமத்தையே தாங்கி, மருத்துவர் குலத்தில், சுப்பிரமணிய பண்டிதருக்கும் ஞானாம்பாளுக்கும் மகனாக ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் தென்னாட்டு நாடக மேடைகளில் விஸ்வநாத தாஸ் என்று பிரசித்தி பெற்றவர் அவரே. அவருடைய தேசபக்தியைப் பற்றிப் பேசியவர் பலர். அவருடைய சங்கீதத்தைப் பற்றிப் பேசியவர் மிகச் சிலர். இந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

அவர் பிறந்தபோது சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த கரிசல்காட்டு ஊர். 1910-இல்தான் இராமநாதபுரம் ஜில்லாவோடு இணைந்தது. மருத்துவர் குலத்தாரோ முகம் மழித்தலும், பச்சிலை வைத்தியமும், பிரசவம் பார்த்தலுமாக ஊராருக்கு இன்றியமையாத தொண்டுகளைச் செய்துகொண்டிருந்தும், அதே ஊராரின் திண்ணையில் சமமாக உட்கார உரிமையற்றவர்களாக இருந்தனர். நாடார்களின் ஆலயப் பிரவேசத்தைக் காரணமாகக் கொண்டு மூண்ட பகை முற்றி, 1899 ஜூன் மாதத்தில் சிவகாசி சூறையாடப்பட்டபோது, விஸ்வநாதன் பதின்மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த சிறுவன். சாதி என்பது மனிதரை எதுவரை கொண்டுபோகும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அக்காலத்து நாடக மேடையின் அமைப்பை அறிந்தாலன்றி அவருடைய வித்தை விளங்காது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்கள் நடிகர் அனைவருக்கும் மனப்பாடமாக இருந்தமையால், கதாநாயகனாகிய ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியாகிய ஸ்திரீபார்ட்டு மற்றோர் ஊரிலிருந்தும் பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, அன்று மாலைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒத்திகை என்பதே இல்லாமல் விடியவிடிய நடித்து, பொழுது புலர்ந்ததும் தத்தம் வழியே பிரிந்து போவது வழக்கம். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கதை எல்லாருக்கும் தெரிந்ததாகையால் ஜனங்கள் கதைக்காக வரவில்லை, பாட்டுக்காகவே வந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் அட்சரமும் விளங்க வேண்டுமாயின், ஹார்மோனியத்தில் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியை ஏற்றி வைத்துக்கொண்டு இரவு முழுதும் குரல் கம்மாமல் பாடியாக வேண்டும். இக்காலத்துப் பாடகர் பலர் அதில் அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பரா என்பது எனக்குச் சந்தேகமே.

வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனத்தில் பரண்மீது நின்று பறவைகளை விரட்டும் கட்டம் ஒன்று உண்டு. கிளியும் மயிலும் குருவியும் வந்து போகும் அந்தப் புனத்துக்கு வெள்ளைக் கொக்கு ஒன்றையும் வரவழைத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாகலாபுரத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து, 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்கும் பாட்டு எழுதிய அந்தக் கவிராயர், கடல் கடந்து வந்து நம் நாட்டில் இரை பொறுக்கும் கொக்கைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒரு பாட்டுக் கட்ட, அதை விஸ்வநாத தாஸ் மேடையில் பாடினார். கொக்கு எது, விரட்ட வேண்டியது எதை என்று சபையோருக்கு யாரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரை அந்தப் பாட்டைப் பாடச்சொல்லி, அதைக் கேட்டபின் மீண்டும் பாடச்சொல்லி, சபை ஆரவாரிக்கும்.

சர்க்காருக்கு இதில் நேர்ந்த சங்கடம் சுவையானது. நாடகங்களை அடக்குவதற்கென்றே 1876-இல் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் முருகன் வள்ளியை மணந்த கதையை எந்தக் கலெக்டர் தடை செய்வார்? பிரதியில் ராஜத்துரோகம் ஒரு வரியும் இல்லை. இருந்ததெல்லாம் அன்றிரவு, அந்த ஊரில், அந்தப் பாடகர் வாயிலிருந்து புறப்பட்டு அந்தரத்தில் கரைந்துபோகும் பாட்டில் இருந்தது. ஆகவே புத்தகத்தை விட்டுவிட்டுப் பாடகரைப் பிடித்தார்கள். வேஷம் கலைப்பதற்கு முன்பே அவரைக் கைது செய்த சந்தர்ப்பங்கள் உண்டென்பர். சிறை மீண்டதும் அடுத்த மேடையில் அதே பாட்டுத்தான்.

பாட்டு அந்தரத்தில் கரையாமல் தட்டில் தங்கியதும் உண்டு. ஏறக்குறைய இதே ஆண்டுகளில், அமெரிக்காவில் பருத்தி விளையும் மிஸிஸிப்பி நாட்டில், கறுப்பினப் பாடகர்கள் கிதாரும் கையுமாக ஊர் ஊராய்ப் பாடித் திரிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பாடிய புளூஸ் இசையைக் கம்பெனிகள் தட்டில் பதிந்து விற்றன. 1928-இல் அப்படி ஒரு கம்பெனிக்குச் சில பாட்டுகளைப் பாடிக் கொடுத்துவிட்டுத் தம் கிராமத்து வேலைக்குத் திரும்பிய ஜான் ஹர்ட் என்பவரை உலகம் 35 ஆண்டுகள் மறந்திருந்தது. பழைய தட்டு ஒன்றில் அவர் தம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாடியிருந்ததைத் துப்பாகக் கொண்டு 1963-இல் ரசிகர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய கலை மூன்று நிமிஷத் தட்டுக்குள் அடங்கக்கூடியதாக இருந்தமையால் பிழைத்தது. விஸ்வநாத தாஸின் கலையோ சபையின் ஆரவாரத்தையும் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரரையும் சேர்த்தே ஆனது. அதைத் தட்டில் எப்படிப் பதிவது?

மேடையில் அவர் முருகன். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த முருகனுக்கு வள்ளியாக நிற்க, அவர் பிறந்த குலத்தைச் சொல்லி மறுத்த ஸ்திரீபார்ட்டுகளும் இருந்தார்கள் என்று நாடக வட்டாரத்தில் சொல்வதுண்டு. தேசத்தைப் பற்றிப் பாடும்போது கைதட்டிய அதே ஜனங்கள்தாம் இதையும் சகித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

பிற்காலத்தில் அவர் திருமங்கலத்தில் குடியிருந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமணத்தில் மயில்மீது முருகனாக வீற்றிருந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் நீங்கியது. வேஷத்தோடேயே அவரை மயானத்துக்குக் கொண்டுசென்றதாகக் கூறுவர். வயது 54.

திருமங்கலத்தில் அரசாங்கம் அவருக்கு நினைவில்லம் எழுப்பியிருக்கிறது, நல்ல காரியந்தான். ஆனால் பாடகரின் சரித்திரம் கட்டடத்தைவிடக் காகிதத்தில்தான் அதிகம் தங்கும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று: உங்கள் பாட்டனாரின் டிரங்குப் பெட்டியில் பழைய நாடக நோட்டீஸோ, காலணாப் பாட்டுப் புத்தகமோ, கையெழுத்துப் பாட்டு நோட்டோ கிடைத்தால், அதைப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.